கையில் பட்டா இருக்கிறது, கணக்கில் இல்லை: கனவு இல்லம் கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது

மதுரைக்கு மேற்கே ஒரு காலனி. அந்த அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் கையை விட்டு ஒரு பாலிதீன் பையை எடுத்தார். உள்ளே எட்டாக மடித்த பட்டா. 1997இல் மேடையில் வைத்துக் கொடுத்தது. மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்டது. "இதத்தான் காட்டுனேன் தம்பி. ஆன்லைன்ல வரல, இது செல்லாதுன்னுட்டாக."

செல்லாது என்று சொன்னது தப்பு. பட்டா செல்லும். அதைக் கணக்கில் ஏற்ற வேண்டியவர்கள் ஏற்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்க் குடிசையிலேயே உட்கார்ந்துவிட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. கலைஞரின் கனவு இல்லம் என்ற தமிழக அரசின் வீடு கட்டும் திட்டம் 2024இல் வந்தது. 2030க்குள் கிராமப்புறத்தில் 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவது இலக்கு. ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும். மீதி 60க்கு ஓடு மாதிரி தீப்பிடிக்காத கூரை போடலாம். ஊராட்சிப் பகுதிக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் யூனியன் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஒட்டாததைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வியே பட்டா. ஊருக்குள் வீடு இருப்பவருக்கு இடம் பெரும்பாலும் நத்தம், அதாவது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய ஊர் நிலம். நத்தம் சர்வேயில் அளந்து பெயர் ஏறியிருக்கும், பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. காலனியின் கதை வேறு. ஆதிதிராவிடர் நலத்துறைக்காக யாரோ ஒருவரின் புஞ்சையை 1978ஆம் வருடச் சட்டப்படி எடுத்து, மனை பிரித்துப் பட்டா கொடுத்திருப்பார்கள். கொடுத்தது அந்தத் துறை வேலைக்கென்று இருக்கும் தனி வட்டாட்சியர் ஆபீஸ். நிலக் கணக்கு இருப்பது தாலுகா ஆபீஸில். அங்கே கொடுத்ததை இங்கே ஏற்றவேண்டும். பல ஊர்களில் அது நடக்கவே இல்லை. சர்வே எண்ணைத் தட்டினால் இன்றைக்கும் பழைய புஞ்சைக்காரர் பெயர்தான் வருகிறது. அதே திட்டம், அதே விண்ணப்பம். ஊருக்குள் இருப்பவருக்கு ஒரு காலை நேரத்து வேலை, காலனிக்காரருக்கு வருடக்கணக்கு.

கேட்கப் போனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாலுகா ஆபீஸில் "இது நாங்க குடுத்தது இல்லம்மா, அங்க போங்க" என்பார்கள். அங்கே போனால் "நாங்க குடுத்தாச்சு, ஏத்த வேண்டியது அவங்க" என்பார்கள். இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருப்பவர்கள் வருவாய்த்துறைக்காரர்கள்தான். நடுவில் அலைவதற்கான பஸ் காசு மட்டும் உங்களுடையது.

அதனால் இரண்டு ஆபீஸுக்கும் மாறி மாறி நடக்காதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனுவில் "பட்டா வழங்குமாறு" என்று எழுதிவிடாதீர்கள். எழுதினால், ஏற்கெனவே பட்டா பெற்றவர் என்று அந்தக் காரணத்தையே காட்டித் தள்ளிவிடுவார்கள். "இன்ன வருடம் வழங்கப்பட்ட பட்டாவை வட்டக் கணக்கிலும் கிராமக் கணக்கிலும் ஏற்றி, உட்பிரிவு செய்து, மனையை அளந்து காட்ட வேண்டும்" என்று கேளுங்கள். ஒரே காலனியில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் தனித்தனி மனு, ஒரே நாளில். கூட்டாக ஒரு மனு கொடுத்தால் ஒரு பதிலோடு பத்துப் பேர் கதையும் முடிந்துவிடும்.

நத்தத்தில் இருப்பவர்களும் சும்மா இருந்துவிடக் கூடாது. நத்தம் பட்டாவில் முதலில் தரும் தற்காலிகமான தோராயப் பட்டா, சரிபார்த்த பிறகு தரும் இறுதியான தூய பட்டா என்று இரண்டு உண்டு. தோராயத்தோடு நின்றுபோனவர்கள் அதை முதலில் சரி செய்யுங்கள். பட்டா மாமனார் பெயரிலேயே இருந்து, அவரும் காலமாகி, நான்கு பிள்ளைகள் என்றால் வாரிசுச் சான்றும் பெயர் மாற்றமும் முடித்துவிட்டு யூனியன் ஆபீஸ் படியேறுங்கள். சென்னையில் இருக்கும் நாத்தனாரின் கையெழுத்துக்காக வருடத்தைத் தொலைத்த குடும்பம் எனக்குத் தெரியும்.

அடுத்தது கூரை. இதில்தான் எனக்குக் கோபம் வரும். இந்தத் திட்டம் குடிசைக்கு மட்டும். கூரையில் ஒரு பகுதி ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், தகரம் என்று இருந்தாலும் குடிசைக் கணக்கில் வராது. ஐப்பசி மழைக்கு ஒழுகுகிறதே என்று, மகளிர் குழுவில் கடன் வாங்கி அடுப்படி மேல் நான்கு தகர ஷீட் போட்டவர் தகுதி இழக்கிறார். ஒன்றும் செய்யாமல் நனைந்தவர் தகுதி பெறுகிறார். கணக்கெடுப்பு வரும் என்று தெரிந்தால் கூரையில் தார்ப்பாய் மட்டும் கட்டுங்கள். ஷீட் ஏற்கெனவே போட்டிருந்தால் அதைப் பிடுங்கிவிட்டு ஓலை வேயச் சொல்லும் தரகரிடம் ஏமாறாதீர்கள். பழைய போட்டோ அதிகாரிகளிடம் இருக்கும்.

கண்மாய்க்கரை, ஓடை, வாய்க்கால் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்த இடத்துக்குப் பட்டா வராது, வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் மனு மாற்று இடத்துக்காக இருக்கட்டும். ஆட்சேபணையில்லாத புறம்போக்கு என்றால் வரன்முறைப்படுத்தலாம். ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் "இது பெல்ட் ஏரியா, இங்க பட்டா குடுக்கக் கூடாது" என்று, நகரங்களைச் சுற்றியுள்ள பகுதியில் புறம்போக்குக்குப் பட்டா தரக் கூடாது என்ற 1962ஆம் வருடத் தடையைக் காட்டித் திருப்பி அனுப்புவது வழக்கம். 2025 பிப்ரவரியில் அமைச்சரவை இதைத் தளர்த்தி, சென்னையைச் சுற்றியும் மதுரை, திருநெல்வேலி போன்ற நகரங்களிலும் சுமார் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா தர முடிவெடுத்தது. பழைய பல்லவியையே பாடினால் இதைச் சொல்லி, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல மறுப்புகள் "பாக்குறோம்" ஆகிவிடும்.

பயனாளிப் பட்டியலைக் கிராம சபையில் வைக்க வேண்டும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அப்புறம் மார்ச் 22, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் சபை கூடும். போய் உட்கார்ந்து, உங்கள் பெயரைப் படித்தார்களா என்று கேளுங்கள். படிப்பதற்கு முன்பே வெற்று நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள், போடாதீர்கள். 2025 ஜனவரியோடு இங்கே ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். "தலைவர் இல்ல, அதனால லிஸ்ட் இல்ல" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, ஆர்டர் வந்துவிட்டது. பணம் மொத்தமாக வராது. அடித்தளத்திலிருந்து வேலை முடிவது வரை நான்கு தவணை. ஓவர்சியர் வந்து பார்த்து போட்டோ எடுத்த பிறகுதான் ஒவ்வொன்றும். சிமெண்ட், கம்பி யூனியன் மூலம் வந்தால் அதன் விலை கழியும். ஆக அஸ்திவாரம் உங்கள் கைக்காசு. குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு, தவணை தாமதமாகி, வட்டிக்கு வாங்கி மாட்டியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். "கட்டுறது கட்டுறோம், இன்னொரு ரூம் சேத்துருவோம்" என்பது வேண்டாம். அந்த ரூம்தான் தளம் போடாமல் நிற்கும். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் இன்ஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

எந்த மனு கொடுத்தாலும் ரசீது வாங்காமல் நகராதீர்கள். ஒரிஜினல் பட்டாவை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். பதில் வரவில்லையா, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டு, "இன்ன தேதி மனு யார் மேசையில் இருக்கிறது" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அந்த அம்மா காலனிக்கு ஒரு வழியாகச் சர்வேயர் வந்தார். டேப்பைப் பிடித்து அளந்து கல் ஊன்றியபோதுதான் தெரிந்தது, பட்டாவில் அவருக்குப் 14ஆம் மனை, குடிசை நிற்பதோ 15இல். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷர், மாற்றி எழுதச் சம்மதித்துவிட்டார். அதற்கு இன்னொரு மனு கொடுத்திருக்கிறோம். உங்கள் இடத்தையும் அளக்கச் சொல்லுங்கள், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பு.