விளக்கைத் தேய்க்காமல் கொண்டு வாருங்கள்

அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பராமரிக்கும் என்னிடம் இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. கொள்ளுத் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்குக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று குடும்பமே கூடி முடிவெடுத்திருக்கிறது. நல்ல மனசு. ஆனால் வருடா வருடம் தீபாவளிக்குத் தேய்த்தது போதாதென்று, "கொடுக்கிற பொருளை அழுக்காகவா கொடுப்பது?" என்று முதல் நாள் ராத்திரி புளியும் உப்பும் போட்டு ஒரு தடவை, டின்னில் வரும் பாலிஷ் போட்டு இன்னொரு தடவை தேய்த்திருக்கிறார்கள்.

அடித்தட்டின் விளிம்பில் பெயரும் ஊரும் வெட்டியிருந்தது. இனிஷியல் தெரிகிறது. ஊர்ப் பெயரில் 'புரம்' மட்டும் மிச்சம். மற்ற எழுத்துகள் மழுங்கி, பள்ளங்களில் பாலிஷின் வெள்ளைப் பொடி அடைந்து கிடக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனை புரம் இருக்கிறது, எங்கே போய்த் தேடுவது?

நம்மவர்களுக்குப் பளபளப்புதான் சுத்தம். கறுத்திருந்தால் அழுக்கு, பச்சையாக இருந்தால் களிம்பு, களிம்பு என்றால் விஷம். "சைவ சித்தாந்தமே உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைத்தானே உவமை சொல்கிறது, அதைப் போக்க வேண்டாமா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். சமைக்கிற பாத்திரம் என்றால் அவர் சொல்வது சரி. ஈயம் பூசாத செம்பில் புளி ஆகவே ஆகாது. கண்ணாடிப் பெட்டிக்குள் போகிற விளக்கில் யாரும் ரசம் வைக்கப் போவதில்லையே, ஐயா!

பழைய வெண்கலத்தின் மேல் இறுகிப் படிந்திருக்கும் கரும்பச்சையும் பழுப்பும் அதற்குத் தோல் மாதிரி. உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பதே அதுதான். தேய்க்கும்போது துணியில் கறுப்பாக ஒட்டுகிறதே, அது பெரும்பாலும் அந்த விளக்கின் உலோகம். அதைப் பார்த்து 'எவ்வளவு அழுக்கு' என்று சந்தோஷப்படுகிறீர்கள். திருமேனி என்றால் இன்னும் மோசம்: மூக்கு நுனி, கண் இமை, விரல் நகம் என்று முதலில் போவது நுணுக்கமான வேலைப்பாடு. மடிப்புகளில் ஒளிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, சந்தனம், குங்குமம்கூட எங்களுக்கு வேண்டும். அந்தப் பொருளை எப்படி வழிபட்டார்கள் என்பதற்குப் பல நேரம் அதுதான் சாட்சி.

புளி உலோகத்தின் மேல்படலத்தைக் கரைக்கும். கூடச் சேர்க்கும் உப்பு அதைவிடப் பொல்லாதது. உப்பின் குளோரைடு வெண்கலத்துக்குள் இறங்கிவிட்டால், நம் ஊர் ஈரக்காற்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வெளிர்பச்சையாகப் பொடி கிளம்பும். துடைத்தால் மறுபடியும் வரும். வெண்கல நோய் என்கிறோம். இதை அடக்க, பெட்டிக்குள் ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளியே சர்வசாதாரணமாக 80. டின் பாலிஷ்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாகவே வெடிப்பு விட்டதற்குக் காரணம் குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய இதே அம்மோனியாதான்.

கோயிலில் பூஜையில் இருக்கும் திருமேனி வேறு கதை. 1833-இல் கட்டிய பினாங்கு குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலோ வேறு எங்கோ நடக்கும் அபிஷேகத்தைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். தைப்பூச வெள்ளி ரதம் மின்னத்தான் வேண்டும். நான் பேசுவது பூஜையை விட்டு வெளியே வந்துவிட்ட பொருளைப் பற்றி மட்டும்.

அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி எதுவும் கிட்டே போகக் கூடாது. காய்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். வெறுங்கையால் பிடிக்காதீர்கள், வியர்வையிலும் உப்புதான். பச்சைப் பொடி உதிர்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் கறுப்புத் தாள் மேல் ஒரு ராத்திரி வையுங்கள். பொடி விழுந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் தனியாக மூடி வைத்து, எங்களைப் போன்ற யாரையாவது கூப்பிடுங்கள்.

தஞ்சாவூர்ப் படத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "தங்கம் துணியோடு வந்துவிட்டது" என்று வராதீர்கள். அடியில் இருக்கும் சுண்ணப்பூச்சு தண்ணீர் பட்டால் இளகும். மர வாகனத்துக்கு எனாமல் பெயிண்ட் அடித்து 'புதுசாக்கி'க் கொடுக்காதீர்கள். வெள்ளிச் சாமான்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுகிறவர்கள் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டுவிடும்.

கொடுக்க நினைக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: பிசுக்கோடு, கரியோடு, இருக்கிறபடியே கொண்டு வாருங்கள். முடிந்தால் வரும்போது பாட்டியையும் கூட்டி வாருங்கள். அந்த ஊர் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.