டவுன்ஷிப்புக்கு நகரியமா?

"சாசோல்பர்க் அருகேயுள்ள ஸாம்டெலா நகரியம்"னு தென்னாப்பிரிக்கா பத்தின ஒரு மொழிபெயர்ப்புல நேத்தும் பார்த்தேன், எத்தனாவது தடவைன்னு எண்ணுறதையே விட்டுட்டேன்.

டவுன்ஷிப் பழைய இங்கிலீஷ் சொல்லு. அதுல "டூன்"னா வேலி கட்டின இடம், ஷிப் நம்ம "மை" மாதிரி ஒரு விகுதி, ஊரும் ஊராரும் சேர்ந்ததுன்னு வச்சுக்கோங்க. அதுல வம்பே இல்ல. தென்னாப்பிரிக்காவுலதான் அர்த்தம் வேற, வெள்ளைக்காரன் ஊருக்கு வெளிய மத்தவங்கள இனம் பார்த்து குடிவச்ச இடத்துக்கு அதான் பேரு. டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்ல நம்ம தமிழ் வம்சாவளிக்காரங்களும் அப்படி வைக்கப்பட்டவங்கதான்.

நகரியம்னதும் நமக்கு எது ஞாபகம் வரும்? நெய்வேலி. பிளான் போட்ட ரோடு, மரம், குவார்ட்டர்ஸ். அங்க அந்த மாதிரி இருக்கறது எதுன்னா சாசோல்பர்க்கேதான்! வால் ஆத்துக்குத் தெக்க, ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தோட வடக்கு ஓரத்துல, நிலக்கரியிலருந்து பெட்ரோல் எடுக்கற சாசோல் கம்பெனிக்காக 1954ல உருவான ஊர், பேர்லயே கம்பெனி இருக்கு. அதே ஃபேக்டரியில உழைக்க வந்த கறுப்பினத் தொழிலாளிங்களத் தள்ளி வச்ச இடம் ஸாம்டெலா. இன்னிக்கு ஜனம் அதிகம் அங்கதான், பேச்சு பெரும்பாலும் செசோத்தோ, சாசோல்பர்க்ல ஆஃப்ரிகான்ஸ். ரெண்டும் இருக்கற நகராட்சிக்குப் பேரு மெட்சிமஹோலோ, செசோத்தோவுல பெரிய தண்ணி, 2011 கணக்குப்படி மொத்தம் சுமார் 1.49 லட்சம் பேர். இப்ப ஸாம்டெலாவ நகரியம்னா தள்ளி வச்ச இடம் குவார்ட்டர்ஸ் ஆயிடுது, படிக்கறவன் தலைகீழாப் புரிஞ்சுக்கறான். அகராதியில முதல்ல கண்ணுல படறத எடுத்து ஒட்டினா இப்படித்தான், அது எந்த நாட்டு டவுன்ஷிப்னு ஒரு நிமிஷம் பார்க்கறதில்ல.

சிலர் சேரிங்கறாங்க. ஊர், சேரின்னு பிரிச்ச கொடுமை ஒத்துப்போகுதுதான், ஆனா பழைய தமிழ்ல அது வெறும் குடியிருப்பு, உத்திரமேரூர்ல அந்தணர் இருந்த பகுதியும் சேரிதான், இன்னிக்கோ சாதியும் குடிசையும்தான் ஞாபகம் வரும். ஸாம்டெலாவுல வரிசையா கல்வீடும் இருக்கு, பிரிச்சது இனச்சட்டம்.

நான் சொல்றது ஒதுக்கூர். ஒதுக்கித் தந்ததும் ஒதுக்கி வச்சதும் ஒரே சொல்லுல வந்துடுது. இனம் பார்த்து குடிவைக்கற சட்டத்த 1991லயே நீக்கிட்டாங்களே இன்னும் என்ன ஒதுக்குன்னு கேக்கறாங்க, சட்டம்தான் போச்சு, வீடெல்லாம் அதே இடத்துலதான இருக்கு. அங்கத்த பசங்க, டவுன்ஷிப்ப ஆஃப்ரிகான்ஸ்ல சொல்ற லொக்காசிங்கற சொல்ல சுருக்கி "காசி"ங்கறாங்க, அத எழுத முடியாது, நம்மாளு வாரணாசிக்கு டிக்கெட் போட்டுருவான். ஒதுக்கூர் பிடிக்கலையா, டவுன்ஷிப்னே எழுதுங்க, நகரியத்த நெய்வேலிக்கே விட்டுடுங்க.