மைக் வாங்குவதற்கு முன் அறையைத் தட்டிப் பாருங்கள்

சென்ற ஆண்டு ஆனி மாதம் ஒரு கல்லூரி மாணவர், பாளையங்கோட்டையில் உள்ள என் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒரு பென் டிரைவோடு வந்தார். காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்யும் பெரியவர் ஒருவரோடு 52 நிமிடம் பேசிப் பதிவு செய்திருந்தார். குளத்து மண்ணை எப்போது எடுப்பது, மணலை எவ்வளவு சேர்ப்பது, சூளையில் தீ எந்த நிறத்துக்கு வந்ததும் விறகு போடுவதை நிறுத்துவது என்று ஒரு வாழ்நாளின் கைப்பழக்கம் முழுவதும் அதில் இருந்தது. "அண்ணே, இதைக் கொஞ்சம் சுத்தம் செய்து கொடுங்கள்" என்றார்.

ஹெட்போனை மாட்டியதும் முதலில் கேட்டது மின்விசிறி. அதற்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் பெரியவரின் குரல். மைக் 12,000 ரூபாய், நல்ல மைக்தான். ஆனால் அதை நான்கடி தள்ளி ஒரு ஸ்டூலில் வைத்திருக்கிறார். மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், சுற்றிலும் வெறும் சுவர். மென்பொருளால் விசிறி இரைச்சலைக் கழித்தேன், அதோடு குரலிலும் ஒரு பங்கு கழிந்தது. எதிரொலியைக் குறைக்கப் போனால் ழகரமும் ளகரமும் ஒன்றாகின. செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிலும் போட்டுப் பார்த்தேன். பேச்சு தெளிந்தது. ஆனால் அந்த வயதுக்குரிய கரகரப்பு போய், யாரோ செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிட்டது. மாணவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது.

பாட்காஸ்ட் எனும் இணைய ஒலித்தொடர் தொடங்க விரும்பி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த மைக் வாங்கலாம் என்பதைத்தான். எந்த அறையில் உட்காரப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

அந்தப் பெரியவர் பானையை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். நன்றாக வெந்தது கணீரென்று ஒலிக்கும், விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். அறைக்கு இது நேர்மாறு. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். கணீரென்று வால் நீண்டு ஒலித்தால் அந்த அறை பேச்சுக்கு ஆகாது. கடினமான சுவரில் மோதிய ஒலி ஒரு கணம் தாமதமாக மைக்குக்குத் திரும்பி வந்து, அடுத்த எழுத்தின் மேல் படிந்துவிடுகிறது. தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே அடங்குகிற அறைதான் வேண்டும். அதற்குச் செலவு ஏதும் தேவையில்லை. இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் பேசுபவருக்குப் பின்னால் சாய்த்து வையுங்கள், தரையில் ஜமுக்காளத்தை மடித்து விரியுங்கள், சேலைகள் நிறைந்த பீரோவின் கதவைத் திறந்துவிடுங்கள். முட்டை அட்டையைச் சுவரெங்கும் ஒட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மெல்லிய அட்டை பேச்சின் எதிரொலியைப் பெரிதாக உறிஞ்சாது, தீப்பிடிக்கும் அபாயம்தான் மிச்சம். ஒரு வீட்டில் பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க அழகு, ஆனால் அத்தனை மெல்லிய பாயில் ஒலி அடங்காது.

அறைக்கு அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) குறையும், அறையின் எதிரொலியோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். மாணவர் வைத்த நான்கடி என்பது 120 செ.மீ. அதை 60, 30, 15 என்று மூன்று முறை பாதியாக்கியிருந்தால் குரல் 18 டெசிபெல் கூடியிருக்கும். ஒரு சாணுக்கும் குறைவான அந்த 15 செ.மீ. தூரம்தான் என் கணக்கு. ஆனால் மைக் வாய்க்கு நேர் எதிரே வேண்டாம். வாய்க்கு முன் உள்ளங்கையை வைத்து "பானை" என்று சொல்லிப் பாருங்கள், பகரத்தில் காற்று வந்து அறையும். மைக்கை உதட்டோரத்துக்குச் சற்று விலக்கி, வாயை நோக்கித் திருப்பி வைத்தால் அந்தக் காற்று மைக்கைத் தாண்டிப் போய்விடும்.

ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். பதிவுக் கருவி காட்டும் அளவில், பூஜ்யம்தான் எல்லை; சத்தம் உச்சத்தில் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெலுக்குள் நிற்கட்டும். பெரியவர்கள் திடீரென்று வாய்விட்டுச் சிரிப்பார்கள். அந்த இடத்தில் அளவு மீறி நறுக்குண்ட ஒலியைப் பிறகு முழுமையாக மீட்க முடியாது.

நம் ஊருக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. ஆனி, ஆடியில் கணவாய்கள் வழியாக வரும் காற்று பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும். மைக்கில் அது இடிபோல் விழும். அந்த மாதங்களில் வெளியே பதிவு செய்வதானால் பஞ்சு உறை போதாது, ரோமம் வைத்த உறையோடு வீட்டுச் சுவரின் மறைவில் உட்காருங்கள். வெயில் காலத்தில் விசிறியை நிறுத்தச் சொல்லி ஒரு முதியவரை ஒரு மணி நேரம் உட்கார வைப்பது கொடுமை. 20 நிமிடம் பேச்சு, பிறகு விசிறியும் தண்ணீரும், மறுபடி பேச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள். போகும் ஊரில் அன்றைக்குக் கோயில் கொடை விழா உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள், குழாய் ஒலிபெருக்கிக்கு எந்தக் கருவியும் ஈடு கொடுக்காது. பேச்சு முடிந்ததும் எல்லோரும் அமைதியாக இருக்க, அறையின் வெற்று ஒலியை 30 விநாடி பதிந்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு அதுதான் சாந்து.

இவற்றையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மைக்கைப் பார்த்ததும் நம் மக்கள் மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். "வந்தாவ", "சொல்லுதாவ" என்று அடுக்களையில் பேசிக்கொண்டிருந்த ஆச்சி, சிவப்பு விளக்கு எரிந்ததும் "வந்தார்கள், சொல்கிறார்கள்" என்கிறார். சொல் மாறும்போது நினைவும் சுருங்கிவிடுகிறது. முதலில் ஒப்புதல் வாங்குங்கள். பிறகு பதிவை ஓடவிட்டு, பத்து நிமிடம் மழையையும் மாட்டையும் பற்றிப் பேசுங்கள், அந்தப் பகுதியை நீக்கிவிடலாம். கைத்தொழில் செய்கிறவர் கையில் அவருடைய பொருளைக் கொடுங்கள், கை ஓடினால் வாயும் ஓடும். "கஷ்டமான தொழிலா?" என்றால் "ஆமாம்" என்பதோடு முடிந்துவிடும். "பானை உடைந்த நாள் ஒன்றைச் சொல்லுங்கள் தாத்தா" என்று கேளுங்கள். நடுவே "ம்" கொட்டாமல் தலையை மட்டும் அசையுங்கள். பதில் முடிந்தபின் மூன்று விநாடி பொறுங்கள். நல்ல செய்தி பெரும்பாலும் அந்த மூன்று விநாடிக்குப் பிறகுதான் வருகிறது.

சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பவரோடு பேசுவதானால், அழைப்பின் ஒலியைப் பதிய வேண்டாம். இருவரும் அவரவர் கைபேசியில் தம் குரலைத் தனியே பதிந்து, தொடக்கத்தில் ஒரே நேரத்தில் ஒருமுறை கைதட்டினால், அந்தச் சத்தத்தை வைத்து இரண்டு பதிவுகளையும் பிறகு பொருத்திவிடலாம்.

வெட்டும்போது கை கொஞ்சம் பொறுக்க வேண்டும். மூச்சையும் தயக்கத்தையும் முழுவதும் எடுத்துவிட்டால் ஆள் எந்திரமாகிவிடுவார். முடிவில், காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் எல்.யு.எஃப்.எஸ். அலகில், ஒலி அளவு ஸ்டீரியோவுக்கு (இரு தடம்) மைனஸ் 16, மோனோவுக்கு (ஒரே தடம்) மைனஸ் 19 இருக்கட்டும். பேச்சுக்கு மோனோவே போதும். விநாடிக்கு 64 கிலோபிட் எம்.பி.3 கோப்பாக மாற்றினால் அரை மணி நேரம் ஏறத்தாழ 14 எம்.பி.தான், டேட்டா குறைந்தவரும் கேட்கலாம். வெளியிடுமுன் திருநெல்வேலி சந்திப்பிலிருந்து பாபநாசம் போகும் பஸ்ஸில் சாதாரண இயர்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எந்தச் சொல் எஞ்சின் சத்தத்தில் முங்குகிறதோ, அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

புரட்டாசியில் அந்த மாணவரோடு நானும் காருகுறிச்சிக்குப் போனேன். பானை அடுக்கும் ஓட்டு அறையில், வைக்கோல் குவியலுக்கு முன்னால் பெரியவரை உட்கார வைத்தோம். கைதட்டினேன், சத்தம் அங்கேயே அடங்கியது. 34 நிமிடம் பேசினார். பானையைத் தட்டிய ஒலி அத்தனை தெளிவாகப் பதிந்திருக்கிறது. ஆனால் தீயின் நிறம் பற்றி முதல் முறை சொன்னதை இந்த முறை சொல்லவில்லை. கேட்டதற்கு, "அதுதான் அன்றைக்கே சொல்லிவிட்டேனே" என்றார். அதனால் விசிறி இரைச்சலோடு உள்ள அந்தப் பழைய 52 நிமிடமும் புதியதும், வெட்டாத மூலமாகவே, ஊர், தேதி, தொழில் எழுதிய கோப்புப் பெயர்களோடு இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று என் கூடத்தில், மற்றொன்று மாணவரின் வீட்டில்.