மேலெழுத்தும் கீழெழுத்தும்

சூப்பர்ஸ்கிரிப்ட், சப்ஸ்கிரிப்ட் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இரு சொற்களும் லத்தீன் வழி வந்தவை. அம்மொழியில் ‘சூப்பர்’ என்றால் மேல், ‘சப்’ என்றால் கீழ். பின்பாதி ‘எழுது’ என்னும் பொருள் தரும் ‘ஸ்கிரீபெரே’ என்ற வினையிலிருந்து பிறந்தது. வரியின் இயல்பான மட்டத்துக்குச் சற்று மேலே, சிறிய அளவில் எழுதப்படுவது முன்னது. கீழே இறக்கி எழுதப்படுவது பின்னது. 10⁵ என்பதில் ஐந்து மேலே நிற்கிறது. நீரின் வேதியியல் வாய்பாட்டில் ஹைட்ரஜனின் குறியீட்டை அடுத்து வரும் ₂ கீழே நிற்கிறது.

தமிழில் இவற்றுக்கு மேலெழுத்து, மேற்குறி, மேலொட்டு என்றும், அவற்றுக்கு இணையாகக் கீழெழுத்து, கீழ்க்குறி, கீழொட்டு என்றும் சொல்லலாம். கணக்குப் பாடத்தில் பழகியவர்கள் மேலே நிற்பது எதுவானாலும் ‘அடுக்கு’ என்றே சொல்லிவிடுவதும் உண்டு. ஆனால் அடுக்கு என்பது அந்தக் குறியின் பொருளுக்குப் பெயரே தவிர அது நிற்கும் இடத்துக்குப் பெயர் அன்று. அடிக்குறிப்பைச் சுட்ட வாக்கியத்தின் முடிவில் வைக்கப்படும் ¹ எந்தப் பெருக்கலையும் கேட்பதில்லை. இடமும் பொருளும் ஒன்றோடொன்று பிணைந்தவை அல்ல என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. அடுக்கை எண்ணாக மேலே எழுதும் முறையை 1637இல் பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த் நிலைநிறுத்தினார். வேதியியல் வாய்பாடுகளை வகுத்த பெர்சீலியஸும் அணுக்களின் எண்ணிக்கையை மேலேதான் எழுதினார், அது கீழே இறங்கியது அவருக்குப் பின்னரே. ஆகவே இடத்தை மட்டும் சொல்லும் பெயரே பொருத்தமானது. ‘மேற்குறி’ என்பது ‘மேற்குறித்த’ என்பதோடும் மேற்கோள்குறியோடும் மயங்க இடமுண்டு; ‘மேலொட்டு’ என்பது முன்னொட்டு, பின்னொட்டு ஆகியவற்றின் வரிசையில் சேர்ந்து இலக்கண உறுப்புப் போலத் தோன்றுகிறது. மேலெழுத்து, கீழெழுத்து என்பவையே எனக்கு ஏற்புடையவை. எண்ணை எழுத்து எனலாமா என்று கேட்பவர்கள், எழுதப்படுவது எதுவும் எழுத்தே என்னும் பொருள் கையெழுத்து என்ற சொல்லில் இருப்பதை நினைத்துக்கொள்ளலாம். (தலைக்கு மேல் எழுதப்படுவதால் தலையெழுத்து என்று மட்டும் சொல்லிவிட முடியாது.)

சொற்செயலியில் மேலெழுத்து என்பது வெறும் வடிவமைப்பு. உள்ளே இருப்பது சாதாரண 5, அதை உயர்த்திக் காட்டு என்ற கட்டளை தனியாக இருக்கிறது. வடிவமைப்பே இல்லாத வெற்றுரைக்கு அதை நகலெடுத்து ஒட்டினால் கட்டளை உதிர்ந்துவிடும். 10⁵ என்பது 105 ஆகிவிடும். இதற்கு மாற்றாக, கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு, மேலே நிற்கும் எண்களையே தனி எழுத்துகளாகக் குறியேற்றம் செய்துள்ளது. அந்தப் பட்டியலில் ஒரு விநோதம் உண்டு. பதினறும எண் 2070இல் ⁰ இருக்கிறது, 2074இல் ⁴ தொடங்குகிறது, ஆனால் 2072, 2073 ஆகிய இரண்டும் காலி. ¹, ², ³ ஆகியவை அதற்கு முன்பே, யூனிகோடுக்கு முந்தைய லத்தீன்-1 குறியேற்றத்தில் இடம்பெற்றுவிட்டதால் அவை அங்கேயே விடப்பட்டன. சில எழுத்துருக்களில் ² ஓர் உயரத்திலும் ⁴ வேறோர் உயரத்திலும் தெரிவதற்கு இந்தப் பிரிவினையே பெரும்பாலும் காரணம்: முதல் மூன்றும் ஓர் எழுத்துருவில் இருக்கும், மற்றவை அதில் இல்லாமல் வேறோர் எழுத்துருவிலிருந்து எடுக்கப்படும்.

தனி எழுத்தாக இருந்தாலும் அது முழுப் பாதுகாப்பு அன்று. யூனிகோடின் இயல்பாக்க முறைகளுள் சில, ⁵ என்பதைச் சாதாரண 5இன் மாற்று வடிவமாகக் கருதி நேராக்கிவிடும். தரவுத்தளமோ தேடுபொறியோ அம்முறையைக் கையாண்டால் நூறாயிரம் நூற்றைந்தாகச் சுருங்கிவிடும். கணக்கு முக்கியமான இடத்தில் 10^5 என்று கூரைக்குறியிட்டு எழுதுவதே எனக்கு நம்பகமாகப் படுகிறது; கீழெழுத்துக்கு இதே வேலையை அடிக்கோட்டுக்குறி (_) செய்கிறது. கணினி அறிஞர் டொனால்ட் குனுத் உருவாக்கிய டெக் (TeX) என்னும் அச்சுக்கோப்பு மொழியும் இவ்விரு குறிகளையே பயன்படுத்துகிறது.

தமிழ் உரையில் மேலெழுத்துக்குக் கணக்கோடு தொடர்பில்லாத இன்னொரு பணியும் உண்டு. வடமொழிச் சுலோகங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடும்போது, ஒரே தமிழ் எழுத்தால் குறிக்கப்படும் நான்கு வர்க்க ஒலிகளை வேறுபடுத்த க, க², க³, க⁴ என்று எண்ணிடுவார்கள். சிலர் கீழெழுத்தாக க₃ என்றும் எழுதுவார்கள். ப⁴க்தி, கோ³விந்த³ என்பன அவ்வாறு எழுதப்பட்டவை. எண் குறிப்பது மெய்யின் ஒலியை. ஆகவே அது ககரத்தை ஒட்டி நிற்பதே முறை. ஆனால் வெற்றுரையில் க என்று தட்டி, உடனே ³ இட்டு, அதன்பின் ஓகாரக் குறியைச் சேர்த்தால், அந்தக் குறி சேர்வதற்கு எழுத்தில்லாமல் புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு தனியே நிற்கும். அதனால் கோ என்பதை முழுவதும் முடித்த பிறகே எண்ணை இட வேண்டியிருக்கிறது. எண்கள் இடையில் அமர்ந்திருப்பதால், கோவிந்த என்று தேடுபவருக்குப் பல செயலிகளில் கோ³விந்த³ அகப்படுவதில்லை. சுலோகங்களை வலையேற்றுவோர் எண்ணில்லாத வடிவத்தையும் உடன் தருவது இதனால்தான் பயனுடையது.