உபா சட்டத்தில் கைதானால்: 90 நாளும் 180 நாளும்

2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய மும்பைத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே நாடாளுமன்றம் தேசியப் புலனாய்வு முகமையை (என்.ஐ.ஏ.) உருவாக்கியது. கூடவே, 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், அதாவது உபாவில், கைது, காவல், ஜாமீன் பற்றிய புதிய பிரிவுகளைச் சேர்த்தது. இன்று உபாவில் கைதானவரின் குடும்பம் முட்டிமோதி நிற்பது இந்தப் பிரிவுகளில்தான்.

உபா வழக்கில் போலீஸ் காவல் 30 நாள் வரை போகலாம். முன்ஜாமீன் கிடையாது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படுவதும், விரும்பிய வக்கீலை வைத்துக்கொள்வதும் அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு தந்த உரிமைகள். உபா அவற்றைப் பறிக்கவில்லை. கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2024இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தராததால் அந்தக் கைதே செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, நாள் கணக்கு. 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். முடியாவிட்டால் 180 நாள் வரை அவகாசம் உண்டு, ஆனால் அது தானாக நீளாது. விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இவரை இன்னும் ஏன் சிறையில் வைக்க வேண்டும் என்று குறிப்பான காரணங்களோடு அரசு வழக்கறிஞர் அறிக்கை தர வேண்டும். நீதிமன்றம் அதை ஏற்க வேண்டும். சிறப்பு நீதிமன்றம் இருக்கும் இடத்தில் சாதாரண மாஜிஸ்திரேட் இந்த நீட்டிப்பைத் தர முடியாது. 2020இல் பிக்ரம்ஜித் சிங் வழக்கில் இந்தக் காரணத்துக்காகவே ஜாமீன் கிடைத்தது.

கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் பெறுவது உரிமை. நீதிமன்றங்களில் 'டிஃபால்ட் பெயில்' என்பார்கள். வழக்கு வலுவானதா என்ற கேள்வியே அங்கே எழாது. ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்பே மனு போட்டுவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்து, அதற்குள் அது தாக்கலாகிவிட்டால் உரிமை போய்விடும். கணக்கு தொடங்குவது முதல் ரிமாண்ட் நாளில், அதாவது மாஜிஸ்திரேட் முதன்முதலாகக் காவலில் வைக்க உத்தரவிட்ட நாளில். அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

மும்பை போன்ற சதியைத் துருவ 90 நாள் போதாமல் போகலாம் என்பதை ஏற்கிறேன். என்னால் ஏற்க முடியாதது உபாவின் 43டி(5) பிரிவு. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே ஜாமீன் கூடாது என்கிறது அது. அந்தக் கட்டத்தில் சாட்சியங்களை ஆழமாக அலசக் கூடாது என்று 2019இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கதவு இன்னும் இறுகிவிட்டது. போலீஸ் எழுதியதை மறுக்க வழியின்றி ஒருவர் ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதியாகவே கிடக்க நேர்கிறது.

இதற்கு ஒரு விலக்கு, 2021ஆம் ஆண்டின் கே.ஏ. நஜீப் தீர்ப்பு. கேரள வழக்கு ஒன்றில் அவர் ஐந்தாண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். இன்னும் 276 சாட்சிகள் பாக்கி. விசாரணை உரிய காலத்தில் முடிய வாய்ப்பில்லை என்றால், 43டி(5) இருந்தாலும் அரசியலமைப்பு நீதிமன்றங்கள் (உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும்) ஜாமீன் தரலாம் என்றது உச்ச நீதிமன்றம். நீண்டகாலமாகச் சிறையில் இருப்பவருக்காக உயர் நீதிமன்றம் போகும்போது வக்கீலிடம் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; உதவி எண் 15100.