ஜெபமும் பத்து விநாடித் தாளமும்

மரபான வழிபாட்டுக்கு இன்றைய வாழ்வில் இடமுண்டா என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கில் போய் நின்றுவிடுகிறது. அந்த வழக்கைத் தீர்க்காமலேயே, வழிபடுபவரின் உடலில் என்ன நிகழ்கிறது என்பதை அளந்து பார்க்க முடியும்.

இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு, நலமாக இருந்த 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லவும் ஒரு பௌத்த மந்திரத்தை உச்சரிக்கவும் செய்து, 2001இல் முடிவை வெளியிட்டது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்திருந்தது. ஓய்வில் இருக்கும் ஒருவரின் மூச்சு 12 முதல் 20 வரை இருக்கும்.

இந்த 6 ஏன் முக்கியம்? நம் இரத்த அழுத்தம் சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்குகிறது. இதை மேயர் அலை என்பார்கள். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணரிகள் ஏற்றத்தை மூளைத்தண்டுக்குத் தெரிவிக்க, அது வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பைத் தணிக்கிறது. அழுத்தம் இறங்கியதும் துடிப்பு மீண்டும் விரைகிறது. மூச்சும் தன் பங்குக்கு, உள்ளிழுக்கையில் துடிப்பை விரைவாக்கி, வெளிவிடுகையில் தளர்த்துகிறது. வழக்கமாகத் தனித்தனியே ஓடும் இவ்விரு தாளங்களும், மூச்சு 10 விநாடிக்கு ஒன்றாகும்போது, திரும்பும் கணம் பார்த்துத் தள்ளிய ஊஞ்சலைப் போல ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலின் கூர்மையும் கூடுகிறது. இதய நோயாளிகளிடம் இந்தக் கூர்மை குன்றுவது நல்ல அறிகுறியன்று.

பெர்னார்டியின் ஆய்வில், சும்மா பேசியபோது இந்த ஒழுங்கு வரவில்லை. மந்திரமே இல்லாமல், அளவிட்டு மெதுவாக மூச்சுவிட்டபோது வந்தது. அப்படியானால் மந்திரம் எதற்கு? கடிகாரத்தைப் பார்த்து அரைமணி நேரம் மூச்சை எண்ணுவது எவருக்கும் சலித்துவிடும். முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியைக் கூட்டம் சொல்லும் ஜெபத்திலோ, எண்ணும் வேலையைச் சொற்களே பார்த்துக்கொள்கின்றன. உடலியல் அறியாத காலத்தவர் ஜெபத்துக்கான இந்தப் பத்து விநாடி நீளத்தைப் பழக்கத்தாலேயே கண்டடைந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆகவே வழிபாடு இன்றும் பொருட்படுத்தத்தக்கதே, குறைந்தது அதைச் செய்பவருக்கு. பிறருக்காகச் செய்யும் ஜெபத்தின் கதை வேறு. பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்து 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தமக்காக ஜெபிக்கப்படுகிறதா என்பது தெரியாதிருந்தவர்களில், ஜெபம் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் சிக்கல்கள் ஏறத்தாழ ஒரே அளவில், பாதிப் பேருக்குச் சற்று மேலாக, வந்தன. ஜெபிக்கப்படுவதை உறுதியாக அறிந்தவர்களில் அது 59 விழுக்காடு. தற்செயலாக இருக்கலாம்; ‘ஜெபிக்க வேண்டிய அளவுக்கா என் நிலைமை?’ என்ற பதற்றமாகவும் இருக்கலாம்.