மூங்கில் தடியின் நுனி ஏன் மங்கியது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி வந்திருந்தார். என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரி மலைப் படத்தை மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். கீழே, காலடிப் புல்லில் பனித்துளிகளை எண்ணலாம். மேலே, எதிர்மலைப் பாறையின் வெடிப்பும் தெரியும். "அண்ணா, இது நாலஞ்சு படத்தெக் கம்ப்யூட்டர்ல வெச்சு ஒட்டினதுதானுங்களே?" என்றார்.

ஒட்டவில்லை. ஒரே தாள் ஃபிலிம், அரை விநாடி வெளிச்சம், அவ்வளவுதான். ஆனால் அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. சாதாரணக் கேமராவில் இப்படி வராது. காரணம் சொல்லக் கொஞ்சம் மலை ஏற வேண்டும்.

என்னிடம் இருப்பது 4க்கு 5 அங்குலத் தாள் ஃபிலிம் போடும் மரக் கேமரா. முன்னால் ஒரு பலகையில் லென்ஸ், பின்னால் ஒரு சட்டத்தில் பிம்பம் விழுவதற்குச் சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே கொல்லன் பட்டறைத் துருத்தி போல மடிந்து விரியும் கறுப்புத் துருத்தி. இதோடு ட்ரைபாட், இரண்டு லென்ஸ், ஃபிலிம் தாளை வெளிச்சம் படாமல் மூடி வைக்கும் ஹோல்டர் ஐந்து, கறுப்புத் துணி எல்லாம் சேர்ந்தால் 11 கிலோ. ஹோல்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தாள், ஆகப் பத்தே படம். மாசிக் கடைசியில் அடிவாரமான பூண்டியில் இரவு பத்தரைக்கு ஏறத் தொடங்கினால், ஏழு மலைகளில் ஆறாவதில் இருக்கும் ஆண்டி சுனையைத் தாண்டும்போது கிழக்கு வெளுக்கும். மற்ற பக்தர்கள் ஒரு மூங்கில் தடியும் தண்ணீரும் கொண்டு வருவார்கள். நான் ஒரு தட்டுமுட்டுச் சாமான் கடையையே சுமந்து போவேன்.

எதற்கு இந்தக் கூத்து? பரப்புதான். பழைய 35 மி.மீ. ஃபிலிமைவிட இந்தத் தாளில் படம் விழும் இடம் ஏறக்குறைய 13 மடங்கு பெரியது. எவ்வளவு பெரிதாக்கினாலும் புல் புல்லாகவே இருக்கும். சரி, அதற்கு விலை? பெரிய தாளை நிரப்ப நீளமான குவியத்தூரம் உள்ள லென்ஸ் வேண்டும். கைப்பேசிக்குள் இருப்பது ஐந்தாறு மில்லிமீட்டர் லென்ஸ். இதற்கோ 150 மில்லிமீட்டர். குவியத்தூரம் கூடக் கூட, தெளிவாக விழும் ஆழம் குறையும். புல்லைத் தெளிவாக்கினால் மலை கரையும், மலையைத் தெளிவாக்கினால் புல் பச்சைக் கஞ்சி ஆகும்.

லென்ஸ் துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும் என்று கேமரா தொட்ட எல்லோருக்கும் தெரியும். எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும். எஃப் 22 வைத்தால் 5 மீட்டரிலிருந்து தொலைதூரம் வரை ஒப்பேற்றலாம். எனக்கு வேண்டியதோ 3 மீட்டரில் இருக்கும் புல். அதற்கு எஃப் 45 வரை போக வேண்டும். துளை சுருங்கினால் வெளிச்சம் நாலில் ஒரு பங்குதான் வரும், அரை விநாடி இரண்டு விநாடி ஆகிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடகரையில் நிற்கும் மலை இது. அங்கே புல் இரண்டு விநாடி ஆடாமல் நிற்க வேண்டும் என்றால், அந்த ஆண்டவனிடம்தான் மனுப் போட வேண்டும்.

இப்போது கறுப்புத் துணிக்குள் வாருங்கள். நான் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றபோது, காங்கேயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தடியைப் புல்லில் ஊன்றிவிட்டு அருகே வந்தார். "ஏனுங் தம்பி, மை வெச்சுப் பாக்கறீங்களா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடு தொலைந்தால் வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிற ஆளைத் தேடிப் போவது எங்கள் பக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்த மை எந்த ஆட்டையும் காட்டி நான் பார்த்ததில்லை, காசு வாங்கியதைத்தான் பார்த்திருக்கிறேன். "மை இல்லீங்கய்யா, நீங்களே பாருங்க" என்று துணியைத் தூக்கிக் கொடுத்தேன். உள்ளே போனவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மலெ தலகீழா நிக்குதுங்களே!" என்றார்.

அந்தத் தலைகீழில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. கண்ணாடியில் காலடிப் புல் மேலே விழுகிறது, மலை கீழே விழுகிறது. பள்ளிக்கூடத்து லென்ஸ் சமன்பாட்டை நினைத்துப் பாருங்கள்: பொருள் கிட்ட வர வர, பிம்பம் லென்ஸை விட்டுத் தள்ளிப் போகும். 150 மி.மீ. லென்ஸில் தூரத்து மலையின் பிம்பம் 150 மில்லிமீட்டரிலேயே விழும். 3 மீட்டரில் உள்ள புல்லின் பிம்பம் 158 மில்லிமீட்டரில். அதாவது கண்ணாடியின் மேல்பகுதிக்கு 8 மி.மீ. கூடுதல் இடைவெளி வேண்டும், கீழ்ப்பகுதிக்கு வேண்டாம். அப்படியானால் ஏன் கண்ணாடியும் லென்ஸும் இணையாக நிற்க வேண்டும்? லென்ஸ் பலகையின் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துவிட்டால் தீர்ந்தது! மேலே இடைவெளி கூடும், கீழே குறையும்.

எவ்வளவு சாய்க்க? லென்ஸ் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் புல்லின் பிம்பமும் தொடுவானத்தின் பிம்பமும் கண்ணாடியில் சுமார் 80 மி.மீ. இடைவெளியில் விழும். 80க்கு 8, பத்தில் ஒன்று. கிட்டத்தட்ட 6 பாகை. இதையே வேறு வழியிலும் கணக்குப் போடலாம்: குவியத்தூரம் 150 மி.மீ., லென்ஸின் உயரம் 1,500 மி.மீ., வகுத்தால் அதே பத்தில் ஒன்று! மலையில் நின்று முதல் தடவை இந்த இரண்டு கணக்கும் ஒன்றாக வந்தபோது, காப்பி கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

இதன் வடிவக்கணிதம் இன்னும் அழகு. ஒரு நோட்டுப் புத்தகத்தை விரியுங்கள். ஓர் அட்டை ஃபிலிம் தளம் (கண்ணாடி நிற்கும் அதே இடம்), நடுத்தாள் லென்ஸ் தளம், இன்னோர் அட்டை தெளிவு விழும் தளம். மூன்றும் முதுகில் ஒரே கோட்டில் சேர்கின்றன. லென்ஸும் ஃபிலிமும் இணையாக இருந்தால் அந்த முதுகு முடிவிலிக்கு ஓடிவிடும், தெளிவுத் தளமும் சுவர் போலச் செங்குத்தாக நிற்கும். சாய்த்தால் சுவர் படுத்துப் பாய் ஆகிவிடுகிறது! அந்தப் பாயைப் புல்வெளிமேல் விரித்ததுதான் நான் செய்தது.

இதற்கு ஷைம்ஃப்ளூக் விதி என்று பெயர். தியோடார் ஷைம்ஃப்ளூக் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. வானிலிருந்து எடுத்த கோணல் படங்களை நேராக்கி வரைபடம் செய்ய 1904இல் காப்புரிமை வாங்கினார். 1901லேயே பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் கார்பென்டியே இதைப் பதிந்திருந்தார், ஷைம்ஃப்ளூக்கும் அதை மறைக்கவில்லை. இன்று கண் மருத்துவமனையில் நீல ஒளிக்கீற்றைச் சுழற்றிக் கருவிழியின் தடிமனை அளக்கும் கருவியும் இதே விதியில்தான் ஓடுகிறது. கொங்கு நாட்டில் தடுக்கி விழுந்தால் பொறியியல் கல்லூரி. அங்கே ஒரு பழைய லென்ஸையும் இரண்டு அட்டையையும் கொடுத்து மாணவர்களை இதைச் செய்து பார்க்க விட எவ்வளவு செலவாகிவிடும்? கட்டடத்துக்கு இருக்கிற காசு ஒளியியல் மேசைக்கு ஏன் இல்லாமல் போகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. ஊட்டியில் 1960இல் தொடங்கிய அரசு ஃபிலிம் ஆலை, 'இந்து' (Indu) என்ற பெயரில் ஃபிலிம் விற்ற ஆலை, மூடிக் கிடக்கிறது. பூண்டியிலிருந்து பார்த்தால் அது அடுத்த மலைதான். நானோ ஒவ்வொரு தாளுக்கும் வெளிநாட்டு விலை கொடுக்கிறேன்.

சாய்த்துவிட்டால் எல்லாமே தெளிந்துவிடுமா? அதுதான் இல்லை. பாய்க்கு மேலும் கீழும் தெளிவு ஆப்பு வடிவில் விரியும். கிட்டே ஒல்லி, தூரப் போகப் போகத் தடிமன். என் கணக்கில் எஃப் 22க்கு 3 மீட்டரில் பாய்க்கு மேலே 45 செ.மீ. மட்டும்தான், முழங்கால் உயரம். 10 மீட்டரில் 1.5 மீட்டர். 100 மீட்டரில் 15 மீட்டர், ஒரு தென்னை உயரம். புல்வெளிக்கு இது போதும். டாப்ஸ்லிப் தேக்குக் காட்டில் பலிக்காது, பக்கத்து மரத்தின் அடி தெளிந்து தலை கரைந்து போகும்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலைகள்தான். சாய்த்தேன், துளையை எஃப் 22க்குச் சுருக்கினேன், ஹோல்டரைச் செருகினேன், அதன் மூடியை உருவினேன். பத்துத் தாளில் இரண்டு என் மறதியால் பாழ். ஷட்டரை மூடாமலே மூடியை உருவிவிட்டேன்.

கோபித் தம்பியிடம் படத்தின் இடது ஓரத்தைக் காட்டினேன். அங்கே ஒரு மூங்கில் தடி ஊன்றி நிற்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் சேறுகூடத் தெரிகிறது. முழங்கால் உயரத்துக்கு மேலே கணுக்கள் மெல்லக் கரைந்து, நுனி வெறும் புகையாக இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள மலையோ துல்லியமாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தால் தடியையும் சேர்த்துத் தெளிவாக்கியிருப்பேனே!

உண்மையில் அந்தத் தடி சட்டத்துக்குள் இருப்பதை அன்று நான் கவனிக்கவே இல்லை. ஷட்டர் க்ளிக் என்றதும் பின்னாலிருந்து பெரியவர் கேட்டார்: "சோலி முடிஞ்சுதுங்களா தம்பி? தடியெ எடுத்துக்கட்டுங்களா?"